சகலையின் கீழ்ப்பாதி

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். இது நடந்தது. எங்கள் ஊர்த் தச்சர் வாயாலேயே கேட்டேன்.

ஊரை ஒட்டிய குன்றில் மலைச் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கென்று ஒரு தடம் உண்டு. மேல்பாதியைப் பராமரிப்பது தச்சர். கீழ்ப்பாதி அவருடைய சகலையின் பங்கு. அடிவாரத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர்.

குளிர்காலத்தில்தான் வேலை அதிகம். தடத்தில் விழும் தண்ணீர் பக்கத்து வடிகாலில் இறங்கிவிட வேண்டும். வடிகாலை இலை அடைத்தால் தண்ணீர் தடத்திலேயே நிற்கும். இரவில் உறைந்து, உப்பி, மண்ணைப் பிளக்கும். பகலில் உருகிச் சேறாகும். அதில் ஒரே ஒரு டயர் ஏறினால் போதும், பள்ளம்தான். அதனால் வெயில் ஏறுவதற்குள் இலையை வாரிவிட வேண்டும்.

தச்சர் உயிரைக் கொடுத்து வாரினார். ஆனால் இரண்டு குளிர்காலமாக எல்லோர் வாயிலும் கீழ்ப்பாதிதான். "கண்ணாடி மாதிரி வெச்சிருக்காருப்பா!" என்றார்கள். வசந்தத்தில் சைக்கிள் சங்கத்தார் முழுத் தடத்துக்கும் ஒரே பொறுப்பாளரைப் போடப்போகிறார்கள். யார் என்று ஊருக்கே தெரியும். வீட்டில் மனைவி வேறு: "என் தங்கச்சி புருஷனுக்கு அப்படியொரு கை. நீங்களும்தான் இருக்கீங்களே!"

தச்சருக்கு வயிறு எரிந்தது. தடத்தை முதலில் வெட்டியதே அவர்தான்.

ஒரு திங்கட்கிழமை. காலை ஆறே முக்கால். குன்றின் மேல் கண்ணை மறைக்கும் மூடுபனி. தச்சர் நேராகக் கீழ்ப்பாதி வளைவுக்குப் போனார். வடிகாலில் இலைகளைத் திணித்தார். மிதித்து இறுக்கினார். நாளைக்கு இங்கே பனிக்கட்டிதான். யாராவது வழுக்கி விழட்டும். சகலையின் பெயரும் சேர்ந்து விழட்டும்.

கையைத் தட்டிக்கொண்டு மேலே நடந்தார்.

சர்ர்... சர்ர்...

பின்னால் யாரோ இலை வாரும் சத்தம். அவர் நின்றார். அதுவும் நின்றது.

திரும்பி வந்தார். வடிகால் காலி. ஓர் இலை இல்லை.

சகலை பார்த்துவிட்டாரோ! வெட்கத்தோடு போனை எடுத்தார்.

"எங்க இருக்கீங்க?"

"கடைலதான். ஏன் சகலை, இப்படி மூச்சு வாங்குது?"

டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் போனில் கேட்டது.

தச்சர் குனிந்து தரையைப் பார்த்தார். கடுங்குளிரில் மண்ணின் ஈரம் ஊசி ஊசியாக உறைந்து மேல்மண்ணைத் தூக்கி நிறுத்தும். கால் பட்டால் முட்டை ஓடுபோல் நொறுங்கும். அவருடைய காலடிகள் நொறுங்கிக் கிடந்தன.

வேறு காலடியே இல்லை.

சர்ர்...

இப்போது மேலே. அவருடைய வளைவில்.

ஏறிப் பார்த்தார். அவருடைய வடிகாலில் இலைகள். திணித்து... மிதித்து... இறுக்கி...

சர்ர்...

முதுகுக்குப் பின்னால்.

ஓடினார்.

ஏழு இருபதுக்குச் சகலையின் கடைக்குள் வந்து விழுந்தார். தான் செய்ததையும் மறைக்காமல் கொட்டினார். சகலை கோபப்படவில்லை. முட்டியைத் தடவிக்கொண்டார்.

"நான் மேல ஏறியே ரெண்டு வருஷமாச்சு சகலை. முட்டி போச்சு. வெளிய சொல்ல வெக்கம். பொறுப்பை உங்களுக்கே குடுக்கச் சொல்லி நேத்தே பேசிட்டேன்."

"அப்ப கீழ்ப்பாதி?"

"அதுக்குத்தான் நீங்க ஆள் வெச்சிருக்கீங்களே. உண்மையச் சொன்னா எனக்கும் பொறுக்கல. புது ஆள் கிடைச்சதும் சகலைய மறந்துட்டீங்களேன்னு."

"எந்த ஆள்?"

சகலை ஜன்னல் வழியே தடத்தின் வாசலைக் காட்டினார்.

"இலை வாருகோலைத் தோள்ல போட்டுக்கிட்டு எப்பவும் உங்க பின்னாலயே ஏறுவாரே. இன்னிக்கும் ஏறினாரே... எங்க, அவரை விட்டுட்டு வந்துட்டீங்க?"