அத்தையைப் பற்றி நான் வாசித்த செய்தி

ஆறாம் வகுப்பில் எனக்குக் குரல் நன்றாக இருப்பதாக ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. ஊர் என்றால் எங்கள் தமிழ் டீச்சர், அம்மா, அப்புறம் நான். காலை வழிபாட்டில் ஒரு பிள்ளை மைக் முன்னால் நின்று அன்றைய செய்திகளை வாசிக்க வேண்டும். மற்றவர்களுக்கு வருஷத்தில் ஒரு வாரம் கிடைத்தால் எனக்கு மாதத்தில் ஒரு வாரம் கிடைக்கும். வாசிக்க வேண்டிய செய்தியை டீச்சர் சிவப்பு மையால் கோடு போட்டுத் தருவார். அதில் ஒரு சொல்லை விடவும் கூடாது, மாற்றவும் கூடாது. அச்சில் வந்துவிட்டால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவருடைய கட்சி. என் கட்சியும் அதுதான்.

அதற்கு எங்கள் சமூக அறிவியல் புத்தகமும் சாட்சி. 'செய்தித்தாள்கள் ______ எடுத்துரைக்கின்றன' என்ற கோடிட்ட இடத்தில் 'உண்மையை' என்று நிரப்பி மதிப்பெண் வாங்கியவள் நான். நல்ல குடிமகனின் கடமைகள் என்று ஒரு பாடம் இருந்தது. சமூக விரோதிகளைப் பற்றித் தெரிந்தால் உடனே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஐந்தாவது கடமை. பக்கத்திலேயே இரண்டு படங்கள். நல்ல குடிமகன் பேண்ட்டுக்குள் சட்டையைச் செருகியிருந்தான். சமூக விரோதி கைலி கட்டியிருந்தான். எங்கள் தெருவில் கைலி கட்டாத ஒரே ஆம்பளை மாதா கோயில் சாமியார்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அப்பாவின் தங்கை. கடற்கரைத் தெருவில் இருந்தாள், மீன் விற்பவள். எப்போதும் வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வருகிறவள் அன்று பேசாமல் பின்பக்கமாக வந்தாள். கையில் ஒரு வயர்கூடை, அதில் ஒரு சேலை. அம்மா ஜன்னல்களைச் சாத்தினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் டி.வி. பார்க்க வந்துவிடக் கூடாதென்று கேபிளைப் பிடுங்கிப் போட்டாள். மீன்பிடி வள்ளங்களை ஏற்றி வைக்கும் கரையில் ஒரு கம்பெனி கம்பிவேலி போட வந்ததாம். முந்தின நாள் பெண்கள் எல்லாரும் போய்ச் சாலையில் உட்கார்ந்தார்களாம். போலீஸ் அடித்துக் கலைத்தபோது எங்கிருந்தோ ஒரு கல் வந்து ஒரு வேனின் கண்ணாடியை உடைத்துவிட்டதாம். இப்போது அத்தையையும் சேர்த்து முன்வரிசையில் இருந்தவர்களைத் தேடுகிறார்கள்.

"வியாழக்கிழமை மதுரையில முன்ஜாமீன் கிடைச்சிரும்னு வக்கீல் சொல்லுதாரு. அதுவரைக்கும் அத்தை இங்கன இருக்கது ஒருத்தருக்கும் தெரியப்படாது" என்று அப்பா என்னிடம் சொன்னார். "தெரிஞ்சா பிடிச்சு உள்ள வச்சிருவான். பிறகு எப்ப வெளிய விடுவான்னு சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்துல வாயத் திறந்துராத, என்ன?"

நான் தலையாட்டினேன். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருப்பது என்ன பெரிய காரியம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

சாயங்காலம் பள்ளிவிட்டு வந்ததும் அத்தை பேப்பரை என்னிடம் நீட்டினாள். அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். தவிர, என் குரல் மேல் அவளுக்கும் ஒரு பெருமை.

"நம்ம விஷயம் எதுவும் வந்திருக்கான்னு பாருளா."

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, மைக் முன்னால் வாசிப்பதைப் போலவே வாசித்தேன். பயங்கர ஆயுதங்களுடன் புகுந்த சமூக விரோதக் கும்பல் வெறியாட்டம். பொதுமக்கள் அலறியடித்து ஓட்டம். கும்பலுக்குத் தலைமை தாங்கிய பெண் தலைமறைவு.

அத்தை நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதாவே! இது எந்த ஊர்லளா?"

"நம்ம ஊர்லதான் அத்தை. நேத்து, கடற்கரைச் சாலையில."

"நேத்தா? நாங்க அங்கனதான உக்காந்திருந்தோம். எங்க கண்ணுல ஒருத்தனும் படலியே!"

பேப்பரை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். 'அலறியடித்து ஓட்டம்' என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். "ஓடுனது நாங்கல்லா? எங்கள அடிச்சதுல நாங்க ஓடுனோம். அதுல பொதுமக்கள்னு யாரச் சொல்லுதான்?"

நான் அந்த வரியிலேயே விரலை வைத்திருந்தேன். ஆயுதம் என்ன ஆயுதம் என்று கேட்டாள். அரிவாள் போன்ற ஆயுதங்கள் கைப்பற்றப்பட்டன என்று கடைசி வரியில் இருந்தது.

"அடப்பாவி, என் அருவாமணையவா? ஏலக்கூடத்துல இருந்து மீன் கூடையோட நேரா அங்கன போயிட்டோம். கூடையோட பிடுங்கிட்டுப் போனானே!" என்று சொல்லி, பின்வீட்டுக்குக் கேட்டுவிடாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயுதம் வைத்திருந்ததை அவளே ஒத்துக்கொண்டுவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. தலைமை தாங்கிய பெண் எங்கள் வீட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அத்தையைப் பார்த்தாலே பயம். அவள் எழுந்து அடுப்படிப் பக்கம் போனால் நான் வாசல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். பிறந்த நாளிலிருந்து என்னைத் தூக்கி வளர்த்தவள் என்பதெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அம்மா புறவாசல் பக்கம் போன நேரம் பார்த்து, எங்கள் வீட்டு அருவாமணையை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அதைவிடப் பெரிய பயம் ஐந்தாவது கடமை. சொல்லாவிட்டால் நானும் கெட்டவள், சொன்னால் அப்பா கொன்றுவிடுவார்.

மறுநாள் காலை டீச்சர் கோடு போட்டுத் தந்த செய்தி அதன் தொடர்ச்சிதான். கும்பல் தலைவியைப் பிடிக்கத் தேடுதல் வேட்டை. பள்ளிக்கூட வாசலில் அன்று இரண்டு போலீஸ்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். குரல் நடுங்கும், மாட்டிக்கொள்வோம் என்று நினைத்தேன். நடுங்கவில்லை. வழக்கத்தைவிடக் கணீரென்று வந்தது. 'வேட்டை' என்ற சொல்லுக்கு ஒரு அழுத்தம்கூடக் கொடுத்தேன். வாசலில் இருந்த போலீஸ்காரர் ஒருவர் நன்றாயிருக்கிறது என்பதுபோலத் தலையசைத்தார். கடற்கரைத் தெருப் பிள்ளைகள் நான்கைந்து பேர் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். மற்றவர்கள் கைதட்டியபோது அவர்கள் மட்டும் ஏன் தட்டவில்லை என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்படியையே புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் டிரம்முக்குப் பின்னாலிருந்து அருவாமணையை எடுத்தாள்.

"இத இங்கன கொண்டாந்து எவ ஒளிச்சு வச்சது?"

நான் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தை என்னைப் பார்த்தாள். எனக்குச் சோறு போட்டு, குழம்பு ஊற்றிப் பிசைந்து, மீனில் முள் பார்த்து எடுத்து, ஒரு உருண்டை உருட்டி என் வாய்க்கு நேராக நீட்டினாள். எப்போது வந்தாலும் அப்படித்தான் ஊட்டுவாள். நான் பின்னால் நகர்ந்தேன். வேண்டுமென்று நகரவில்லை, உடம்பு தானாக நகர்ந்து சுவரில் முட்டியது.

அவள் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினாள்.

சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது அத்தை இல்லை. இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் முன்ஜாமீன் வந்திருக்கும். "மத்தவளுவளத் தனியா விட்டுட்டு நான் மட்டும் ஒளிஞ்சு கெடக்க மனசு கேக்கல மைனி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாளாம். பஸ் ஸ்டாப்பில் நின்றவளைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டதாகத் தகவல் வந்திருந்தது. அவள் சொன்ன காரணத்தை அப்பா நம்பினார், அம்மா நம்பினாள். தட்டிலேயே கிடந்த அந்த உருண்டையும் ஒரு காரணம் என்று நினைக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. அன்று நானும் நம்பினேன்.

அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய், "அத்தை இனிமே இங்க வரமாட்டாங்களாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "ஏன் வராம? வக்கீல் எடுத்திருவாரு. சீக்கிரமே வந்துருவா. நீ பயப்படாதளா" என்றாள்.

'சீக்கிரமே வந்துருவா' என்றதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. அத்தை மேல் எனக்கு எவ்வளவு உயிர் என்று அம்மா இன்றைக்கும் அந்த அழுகையைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.