ஸ்தோத்திர வண்டி

ஆம்பூர் வட்டாரத்தில் மாட்டு வண்டி ஓட்டியவர்களுள் கன்னியப்பனைப்போல் வசைபாடத் தெரிந்தவர் எவரும் இலர். பாலாற்றின் அக்கரையில் அப்துல் வஹாப் சாயபு தோல் பதனிடும் சாலை ஒன்றை நடத்திவந்தார். அங்கிருந்து இக்கரையிலுள்ள ரயிலடிக்குத் தோல்கட்டுகளைக் கொண்டுசேர்ப்பதே கன்னியப்பனின் தொழில். பாலம் இல்லாத அந்நாளில் வண்டிகள் ஆற்று மணலில் இறங்கித்தான் ஏறவேண்டும். அவருடைய காளைகளான செவலையும் மயிலையும் நடுமணலில் சற்றே தயங்கினால் போதும்; மாட்டின் தாயில் தொடங்கி, அதை விற்ற தரகனின் முப்பாட்டன் வரையில் ஒருவரையும் விட்டுவைக்கமாட்டார். துணி துவைக்கும் பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். மாடுகளோ பறக்கும்!

அவருடைய மனைவி சவுரியம்மாள் பிறப்பால் கிறிஸ்தவர். கன்னியப்பனோ தலை நரைக்கத் தொடங்கிய பிறகே ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த ஞாயிறன்று, கடவுளைத் துதிக்கும் வாயால் எவரையும் சபிக்கலாகாது என்று உபதேசியார் பிரசங்கித்தார். ஆராதனை முடிந்ததும் கன்னியப்பன் அவரை வழிமறித்தார்.

"ஐயா, மாட்டையுமா?"

உபதேசியார் இதை எதிர்பார்க்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, "மாடும் அவர் படைச்சதுதானே, கன்னியப்பா" என்றார்.

அன்றோடு வசை நின்றது. மாடு தயங்கும்போதெல்லாம் "ஸ்தோத்திரம்" என்று சொல்வதென முடிவுசெய்தார். அதையும் ஆலயத்தில் சொல்வதுபோலவே கண்களை மூடி, தலைகுனிந்து, மெல்லச் சொன்னார். புனிதமான சொல்லைக் கத்திச் சொல்வது மரியாதையன்று என்பது அவர் எண்ணம். மாடுகள் திரும்பிப் பார்த்துவிட்டு அசைபோட்டன.

பின்னால் வண்டி ஓட்டிவந்த சீனிவாசனுக்கு ஒரே கொண்டாட்டம். "இன்னாப்பா, மாட்டைத் தாலாட்டுறியா? தூங்கிடப் போவுது!"

"இன்னா பண்றது சீனு, வாக்கு குடுத்துட்டேன்."

சரக்கு மீண்டும் மீண்டும் தாமதமாயிற்று. இறுதியில் சாயபு அவரை அழைத்தார். "அரே கன்னியப்பா, உன் சாமி மேல எனக்கு வருத்தமே இல்ல. உன் மாடுதான் பேஜாரு. நாளைக்குப் போற தோலு மெட்ராஸ் ஏலத்துக்கு. கூட்ஸ் ரயிலைத் தவறவுட்டின்னா, அப்புறம் எல்லாச் சரக்கையும் சீனிவாசனே ஓட்டிக்கட்டும்."

சுமை கொடுக்க வேறு ஆளில்லை. வேறு தொழிலும் தெரியாது. சவுரியம்மாள் ஒரு வழி சொன்னார்: "ஆத்துல மட்டும் ஒரு வாட்டி திட்டிடுய்யா. ஞாயித்துக்கெழமை மன்னிப்புக் கேட்டுக்கலாம்."

"மன்னிப்பை மொதல்லயே பேசி வெச்சுக்கினு திட்டுனா, அதுக்குப் பேரு மன்னிப்பா?"

மறுநாள் இரண்டு வண்டிகளும் ஆற்றில் இறங்கின. தலைக்கு மேலே மேகமே இல்லை. ஆனால் ஆறு பிறக்கும் மைசூர்ச் சீமையில் பெய்த மழையை யார் கண்டார்? நடுமணலில் கன்னியப்பனின் சக்கரம் புதைந்த அதே வேளையில் கரையிலிருந்து கூக்குரல் எழுந்தது: "தண்ணி வருது! தண்ணி வருது!"

மேற்கே நுரைத்த கோடு ஒன்று புரண்டு வந்துகொண்டிருந்தது!

"ஸ்தோத்திரம்" என்றார் கன்னியப்பன், மெல்ல. மாடுகள் அசையவில்லை.

"திட்டுடா!" என்று அலறினான் சீனிவாசன். "உசுரு போவுற நேரத்துல இன்னாடா பக்தி? திட்டு!"

பழைய சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. பற்களைக் கடித்து அதை விழுங்கினார். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, தம் பழைய முழக்கமெல்லாம் திரட்டி வெடித்தார்:

"ஸ்தோத்திரம்!"

செவலை துள்ளியது, மயிலை பாய்ந்தது, சக்கரம் மணலைப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது! அம்மாடுகளுக்கு வசையின் பொருள் என்றுமே தெரிந்ததில்லை. அவை அறிந்தது அந்த முழக்கத்தை மட்டுமே. அந்தச் சத்தத்தைப் பார்க்கிலும் பழைய வசையே தேவலை என்று பின்னர் துவைக்கும் பெண்கள் சொன்னார்கள்.

வண்டி கரையேறியது. ரயிலடியில் என்ஜின் ஊதியது. இனி நேரே ஓட்டினால் கூட்ஸைப் பிடித்துவிடலாம், பிழைப்பும் நிலைத்துவிடும். கன்னியப்பன் திரும்பிப் பார்த்தார். சீனிவாசனின் வண்டி புதைந்து நின்றது. தண்ணீர் அச்சைத் தொட்டுவிட்டது. மிரண்ட மாடுகள் எந்த வசைக்கும் அசையவில்லை. ரயிலடிச் சாலையைக் கன்னியப்பன் மறுபடி பார்க்கவேயில்லை. மாடுகளை அவிழ்த்தார், கயிற்றோடு தண்ணீரில் இறங்கினார், சீனிவாசனின் மாடுகளுக்கு முன்னே தம் மாடுகளைப் பிணைத்தார்.

"சீனு, கத்து!"

"இன்னான்னு கத்துறது?"

"நான் கத்துனதையே கத்து!"

நெற்றி நிறைய நாமமிட்டிருந்த சீனிவாசன் ஒரு கணம் விழித்தான். பிறகு இருவரும் சேர்ந்து முழங்கினார்கள்: "ஸ்தோத்திரம்!" நான்கு மாடுகளும் ஒன்றாய் இழுத்தன. வண்டி கரையேறவும், அது நின்றிருந்த இடத்தை வெள்ளம் மூடவும் சரியாக இருந்தது.

ரயிலடியை அடைந்தபோது புகை மட்டுமே எஞ்சியிருந்தது. அங்கே காத்திருந்த சாயபு முகம் சிவந்து நின்றார்.

"கூட்ஸ் போய்ட்டுது சாயபு. சீனு மேல தப்பில்ல, நாந்தான் திரும்பிப் போனேன்" என்றார் கன்னியப்பன்.

"திரும்பி வரலன்னா நான் கடலுக்கே போய்ட்டிருப்பேன், சாயபு" என்றான் சீனிவாசன்.

சாயபு இரண்டு வண்டிகளிலும் தோல்களைத் தடவிப் பார்த்தார். சீனிவாசனின் வண்டியில் அடிக்கட்டு மட்டும் நனைந்திருந்தது. தொலைவில் இரைந்த ஆற்றின் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கும் கூட்ஸ் வரும். ஆத்தோட போன ஆளு வருவானா? உன் சரக்கை நீயே ஓட்டுப்பா. ஆனா ஒண்ணு, மசூதிப் பக்கம் வரும்போது மட்டும் அந்த வார்த்தையைக் கொஞ்சம் கம்மியாச் சொல்லு!"

அதன்பின் அந்த ஆற்று மணலில் புதைந்த வண்டிக்காரர் எல்லாரும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராயினும், அச்சொல்லையே முழங்கலாயினர். சங்கடம் ஆலயத்தில்தான் நேர்ந்தது. அறுப்பின் பண்டிகையன்று உபதேசியார் ஜெபத்தை முடிக்க, சபையார் அனைவரும் ஒரே குரலில் "ஸ்தோத்திரம்!" என்றனர். வெளியே புளியமரத்தடியில் பூட்டியபடி நின்றிருந்த செவலையும் மயிலையும் வண்டியோடு ஆற்றை நோக்கிப் பாய்ந்தன!

கன்னியப்பன் எழுந்து ஓடினார். சபையே வாசலுக்கு வந்து நின்று சிரித்தது.

சவுரியம்மாள் உபதேசியாரிடம் சொன்னார்: "அதுங்களும் நம்ம வேதத்துக்கு வந்துட்டுதுங்க, ஐயா. ஆசீர்வாதம் முடியுற வரைக்கும் நிக்கத்தான் பொறுமை இல்ல."