மெயினை அணைத்த பிறகும் ஓடிய மீட்டர்

ரப்பர் அக்காவை அந்த நாலு மாடிக் குடியிருப்பு முழுக்கத் தெரியும். தோளில் ஃபிரிட்ஜ் கதவுக்குப் போடும் ரப்பர் சுருள், கையில் ஸ்க்ரூடிரைவர், வாயில் ஓயாத வசவு. பதினான்கு வருஷம் ஒரு ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவள். கதவு ரப்பர் தேய்ந்து வரும் பெட்டிக்கெல்லாம் கம்ப்ரஸர் போய்விட்டது என்று சொல்லச் சொல்வாராம் முதலாளி. ஒருநாள் வாடிக்கையாளர் முன்னாலேயே, "கம்ப்ரஸர் கல்லு மாதிரி இருக்கு. இவரு உங்க தலையில மிளகாய் அரைக்கிறாரு" என்று போட்டு உடைத்துவிட்டாள். அன்றைக்கே வேலை போனது. அதற்காக அவள் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

அப்புறம் அவளே வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். ஃபிரிட்ஜ் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுப்பாள். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் குளிர் கசிகிறது, வீணாக மீட்டர் ஓடுகிறது என்று அர்த்தம். ரப்பரை வெந்நீரில் போட்டு நிமிர்த்திப் பார்ப்பாள். நிமிராவிட்டால் புதுசு. காசு கொடுத்தால் வாங்குவாள், இல்லாவிட்டால் ஒரு டீ. கரண்டை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று பகலில் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு வேலைக்குப் போவது அந்தக் குடியிருப்பில் வழக்கம். அதைக் கண்டால் மட்டும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அதுல என்னத்தடி மிச்சம் பிடிச்ச? உள்ள இருக்கிறது கெட்டுப்போனதுதான் மிச்சம்!"

நான் மின்சார ஆபீஸ்காரன். மீட்டரைக் குறிப்பதும் நான்தான், கட்டாதவர்கள் வீட்டு இணைப்பைத் துண்டிப்பதும் நான்தான். எனக்கு அக்காவைப் பிடிக்காது. அடுத்தவர் வீட்டில் மூக்கை நுழைக்கிறவள் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் மதியம் தரைத்தளத்துத் தையல்காரி வீட்டுக்கு ஏணியோடு போனேன். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பெண். ஒரு தையல் மெஷின், இரண்டு பல்பு, ஒரு விசிறி, இடுப்பளவு ஃபிரிட்ஜ். அவ்வளவுதான் வீடு. ஃபிரிட்ஜில் இருந்தது அவள் வீட்டுக்காரருக்கான இன்சுலின். பில் ஏறிக்கொண்டே போனதில் பயந்து, அவளும் பகலில் அதை அணைத்து வைத்திருக்கிறாள். மருந்து சூட்டில் கெட்டுப்போய், மனுஷன் நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, முந்தைய நாள்தான் திரும்பியிருந்தார். பில் மட்டும் இறங்கவே இல்லை, கட்டவும் முடியவில்லை. அதைத் துண்டிக்கத்தான் நான் போயிருந்தேன்.

"அண்ணே, இன்னைக்கு வெட்டிட்டீங்கன்னா இந்தத் தடவை வாங்குன மருந்தும் போயிரும்ணே."

"ஆபீஸ் ஆர்டரும்மா. நான் என்ன பண்ண?" என்றேன். இதை எத்தனை வீட்டு வாசலில் சொல்லியிருப்பேனோ.

உள்ளேயிருந்து ரப்பர் அக்கா வந்தாள். கையில் பாதி கிழிந்த தாள்.

"தம்பி, ரப்பர் நல்லா இருக்கு. இழுத்தா தாள் கிழியுதே ஒழிய வரல. அப்புறம் எப்படி இவ்ளோ யூனிட்டு?"

"ஓட்டியிருப்பாங்க, ஏறியிருக்கும்."

"மெயினை அணைச்சிட்டேன். இப்ப வந்து மீட்டரப் பாரு."

வீட்டு விசிறி நின்றிருந்தது. வாசலுக்கு வெளியே எல்லா வீட்டு மீட்டரும் வரிசையாக மாட்டியிருந்த பலகையில், அவள் மீட்டரின் சிவப்பு விளக்கு, கரண்ட் ஓடினால் மட்டும் மின்னுவது, விடாமல் மின்னிக்கொண்டிருந்தது. மூன்று வருஷமாக அந்த மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு போனவன் நான். அதிலிருந்து எத்தனை வயர் கிளம்புகிறது என்று ஒரு தடவைகூட அண்ணாந்து பார்த்ததில்லை. இரண்டு கிளம்பியது. ஒன்று தையல்காரி வீட்டு மெயினுக்கு. இன்னொன்று, சுவரின் பெயிண்டையே மேலே பூசிக்கொண்டு, மாடிக்கு. எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, முதலில் அக்காமேல்தான்.

"ஃபியூஸைப் புடுங்கு," என்றாள்.

"எனக்கு எதுக்குக்கா வம்பு? வேலை போயிரும்."

"எனக்குந்தான் போச்சு. செத்தா போயிட்டேன்?"

புடுங்கினேன். மாடியில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த ஏசி நின்றது. அது கட்டட முதலாளியின் மேனேஜர் உட்காரும் அறை. அவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

"எவன்யா கரண்ட்டை நிறுத்துனது?"

"இந்தத் தங்கச்சி வீட்டு ஃபியூஸைத்தான் சார் எடுத்தோம்," என்றாள் அக்கா. "உங்க ஏசி எதுக்கு நின்னுச்சு?"

அதற்குள் எல்லா மாடியிலும் கைப்பிடிச் சுவர் ஓரம் ஆட்கள் கூடிவிட்டார்கள். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. ஏதோ பழைய வயரிங், நாளைக்குப் பார்க்கலாம் என்று பூசி மெழுகப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"ஃபியூஸைப் போடுய்யா. உங்க பெரிய ஆபீசர் எனக்கு ரொம்ப வேண்டியவரு, தெரியுமில்ல?"

ஃபியூஸ் என் கையில் இருந்தது. அக்கா உள்ளே போய் இன்சுலினை எடுத்து, தான் கொண்டுவந்திருந்த ஐஸ் டப்பாவில் வைத்து மூடினாள். தையல்காரிதான் மீட்டருக்குக் கீழே வந்து நின்றாள். அவள் குரல் உயர்ந்து அந்தக் குடியிருப்பில் யாரும் கேட்டதில்லை.

"எங்க வீட்டுக்காரரு சாகப் பொழைக்கக் கெடந்தாரு சார். உங்களுக்கு மேல குளுகுளுன்னு இருந்துச்சா?"

நான் ஏணியைச் சாத்தினேன். துண்டிக்கச் சொல்லித்தானே என்னை அனுப்பினார்கள்? மாடிக்குப் போன வயரைத் துண்டித்தேன். இறங்கி வந்து ஃபியூஸைப் போட்டேன். அக்கா மெயினைப் போட்டதும் தையல்காரி வீட்டு ஃபிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுங்கி ஓட ஆரம்பித்தது. படிவத்தில் 'துண்டிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். எந்த வயர், யாருடைய அறை என்று கீழே எழுதி, பில்லை விசாரிக்க வேண்டும் என்றும் சேர்த்து, கையெழுத்துப் போட்டேன்.

"உங்களுக்கு வேண்டியவர்கிட்ட இதையும் காட்டுங்க சார்," என்று மேனேஜரிடம் ஒரு நகலை நீட்டினேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

ஏணியை மடக்கப் போனேன். அக்கா அதன்மேல் காலை வைத்துக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்ட? இந்தப் பலகையில இன்னும் பதினஞ்சு மீட்டர் இருக்கு," என்றவள் மாடியைப் பார்த்துக் கத்தினாள். "ஏய், எல்லாரும் அவங்கவங்க மெயினை அணைங்கடி!"