நான் வெட்டப் பார்த்த கடல்

கடல் என்றால் நம்மூர் ஏரியைக் கொஞ்சம் பெரிதாக இழுத்துக் கட்டியது என்று, கல்யாணமான பிறகும் நம்பிக்கொண்டிருந்த முட்டாள் நான். பொதட்டூர்பேட்டைத் தறியில் இழை அறுப்பதில் பேர் வாங்கி, துரத்தப்பட்டு, திருத்தணி மலையடிவாரத்தில் கோதண்டம் முதலாளியின் படக்கடையில் பிரேம் போடச் சேர்ந்திருந்தேன்.

உலகச் சண்டை நடந்த காலம். கண்ணாடி வருவது நின்றுபோயிருந்தது. கையிலிருந்ததெல்லாம் முருகன் படத்துக்கென்று வெட்டிவைத்த ஒரே அளவுச் சின்னக் கண்ணாடிகள். பெரிய படம் வந்தால் வெள்ளை ஓரத்தை நறுக்கி அதற்குள் அடக்கிவிடுவோம். யாரும் கேட்டதில்லை.

குண்டு விழும் என்று மதராஸைக் காலிசெய்து வந்திருந்த டாக்டரம்மா ஒருவர், கண்ணாடி உடைந்த படம் ஒன்றைக் கொடுத்துப் போனார். போன நூற்றாண்டில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் கடற்கரையில் உட்கார்ந்து வரைந்ததாம். மீன்கூடையோடு மூன்று பெண்கள், ஒரு கட்டுமரம்.

"வாட்டர் கலர்டா. ஈரத்துணி பட்டா அழிஞ்சிடும்" என்றார் முதலாளி.

வியர்வைகூடச் சொட்டாமல் காத்தேன். பார்த்தால், பெண்களுக்கு வலப்பக்கம் முழுக்க வெளிறிய நீலம்; ஓர் ஆள் இல்லை. ஓரம்தானே! ஸ்கேலை வைத்துக் கத்தியை எடுத்தேன்.

"என்னப்பா பண்றே?" வாசலில் டாக்டரம்மா.

"சும்மா கெடக்கிற எடத்த எடுத்துடறேம்மா. ஆளுங்க மேல கைய வெக்கல."

"அடப்பாவி, அதுதாண்டா சமுத்திரம்! மொதல்ல இவனை வேலையை விட்டு அனுப்புங்க!"

இந்த வேலையும் போனது என்று நின்றேன்.

"இவன் சமுத்திரத்த எங்கம்மா கண்டான்? அளவு சொல்லாம வுட்டது என் தப்புங்க" என்ற முதலாளி, கடையில் தினமும் கற்பூரம் காட்டும் பெரிய முருகன் படத்தை இறக்கி, அதன் கண்ணாடியைக் கழற்றினார். "சாமி கோச்சிக்காதுங்க. இவன அனுப்பினா இவன் பொண்டாட்டி கோச்சிக்கும்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். முழுக் கடலும் அந்தக் கண்ணாடிக்குள் உட்கார்ந்தது.

குண்டு பயம் தணிந்து மதராஸ் திரும்பியபோது, படத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்து மாட்டித்தர என்னையே கூப்பிட்டார். மாட்டிவிட்டு நேரே கடற்கரைக்குப் போனேன். திறந்த வாய் மூடவில்லை.

பிரேம் போடக் கற்க வருகிறவர்களுக்கு இன்றும் சொல்வேன்: படத்தில் உங்கள் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத இடத்தில்தான் வரைந்தவன் அதிகம் பாடுபட்டிருப்பான், கேட்காமல் கத்தி வைக்காதீர்கள். இதைச் சொல்லும் அளவுக்கு நான் தொழிலில் நிலைத்தது, அன்று முதலாளி என்னை விட்டுக்கொடுக்காததால்தான்.

அன்று மதராஸிலிருந்து கடைக்குத் திரும்பியதும் முதலாளியிடம் மூச்சு விடாமல் சொன்னேன்: "மொதலாளி, ஒங்க புண்ணியத்துல சமுத்திரத்த பாத்துட்டேன்! கண்ணுக்கு எட்டின மட்டும் போய்க்கினே கீது!"

அவர் ஆணி அடித்தபடியே சொன்னார்: "ஆங், அதயாவது வெட்டாம வந்தியே."