அக்கா இடிக்கச் சொன்ன அடுப்புகள்

அக்கா எங்களை விட்டு ஆண்டவரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. அவருடைய பாட்டைப் பற்றியும் கைமணத்தைப் பற்றியும் இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதுகிறார்கள். நான் கொத்தனார், எழுதிப் பழக்கமில்லாதவன். "நீ அடுப்பைப் பத்தி எழுதுப்பா. நீ எழுதாட்டா அது யாருக்குமே தெரியாமப் போயிரும்" என்று அத்தான் கேட்டுக்கொண்டார். அதில் எனக்குப் பெருமை தரும் செய்திகள் குறைவு. ஆனால் அக்காவுக்குப் பொய் பிடிக்காது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஏரலுக்குப் பக்கத்தில், ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் சிற்றூரில் அக்கா மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு நான்கு. எட்டாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவர் என்று அப்பா பின்னாளில் சொல்வார். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

எங்கள் அடுக்களைக்குச் சன்னல் கிடையாது. பனைமட்டையும் உடைமுள்ளும்தான் விறகு. மழைக்காலத்தில் அக்கா ஈர விறகோடு மல்லுக்கட்டிவிட்டுச் சிவந்த கண்களோடு வந்து எனக்குச் சோறு ஊட்டுவார். அவர் அழுகிறார் என்று நினைத்து நானும் அழுவேன். "ஏல, இது புகைதாம்ல. நான் எங்க அழுதேன்?" என்பார். சில நாள் அழுதும் இருப்பார். அதைப் புரிந்துகொள்ளும் வயது எனக்கு இல்லை.

பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்த அத்தானுக்கு அக்கா வாழ்க்கைப்பட்டார். பிறந்த ஒரே குழந்தை ஏழாம் நாள் இறந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. அச்சகம் நொடித்துப்போனதும், அக்கா அதே ஊரில் ஒரு பெண் பிள்ளைகள் விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் சமையற்கட்டு முழுவதும் அவர் பொறுப்புக்கு வந்தது.

அந்தச் சமையற்கட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நீளமான அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வரிசையாக மூன்று பெரிய விறகடுப்புகள். புகை போவதற்குச் சுவரில் விட்ட நாலு ஓட்டைகளைத் தவிர வேறு வழியில்லை. பாதிப் புகை பக்கத்திலிருந்த சாப்பாட்டுக் கூடத்துக்குள் போகும். சின்னப் பிள்ளைகள் இருமிக்கொண்டே சாப்பிடுவார்கள். அக்காவும், அவருக்குத் துணையாகச் சமைத்த ராசம்மாளும் விடியற்காலை முதல் மாலை வரை அந்தப் புகைக்குள்ளேயே இருந்தார்கள்.

இந்தத் தொண்ணூறுகள் பிறந்த சமயத்தில், ஊர்தோறும் புகையில்லா அடுப்பு கட்டிக் கொடுக்கும் திட்டம் ஒன்று வந்தது. எனக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். மண் அடுப்பு, அதன் மேல் இரண்டு பானைக்கு இரண்டு வாய், பின்னால் புகை வெளியேற சிமெண்டுக் குழாய். கட்டி முடித்ததும் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். பல வீடுகளில் தீ மூட்டிக்கூடப் பார்த்ததில்லை. குழாய் கூரை முகட்டைத் தாண்டி நிற்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். குழாய் போதாத இடங்களில் அதையும் விட்டுவிட்டேன்.

அந்தத் தைரியத்தில்தான் விடுதியில் ஓர் அடுப்பை மாற்றிக் கட்டித் தருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் வார்டனம்மாவிடம் பேசி அனுமதி வாங்கினார். ஆனி மாதம் கட்டி முடித்தேன். இரண்டு வாரம் நன்றாகவே எரிந்தது. அதன் பிறகு மேற்கிலிருந்து மேல்காற்று பலமாக வீசத் தொடங்கியது. சமையற்கட்டுக்குப் பக்கத்தில் விடுதியின் மாடிக் கட்டடம் இருக்கிறது. நான் வைத்த குழாய் அதன் பாதி உயரத்துக்குக்கூட இல்லை. காற்று அந்தச் சுவரில் மோதிக் குழாய் வழியாகக் கீழே இறங்கி, ஒரு நாள் காலை நெருப்பை அடுப்பின் வாய் வழியாக வெளியே தள்ளிவிட்டது. குனிந்து விறகு தள்ளிக்கொண்டிருந்த ராசம்மாளுக்கு முகத்தின் ஒரு பக்கமும் வலது கையும் வெந்துபோயின.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ராசம்மாளின் கணவர் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னதை நான் சாகும்வரை மறக்க முடியாது.

"அக்காளும் தம்பியும் சேந்து பரிசோதன பண்ணிப் பாக்க எம்பொண்டாட்டி மூஞ்சிதான் கெடச்சுதா?"

ராசம்மாளுக்குக் கட்டுப் பிரிக்கும்வரை அக்கா தினமும் கஞ்சி காய்ச்சி எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு வருவார். அந்த வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேச மாட்டார். அக்கா போவதை நிறுத்தவும் இல்லை. நான் ஒரு நாள்கூடப் போகவில்லை. வெட்கமாக இருந்தது.

விடுதியில் நான் கட்டிய அடுப்பை இடித்துப் பழையபடி மாற்றிவிட்டார்கள். இனி அந்தப் பேச்சே கூடாது என்று நிர்வாகக் குழுவினர் சொல்லிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏல, நீ ஊர் ஊராக் கட்டுன அடுப்புல இப்பம் யாராவது சமைக்காவளா?"

"சமைக்காமயா இருப்பாவ?"

"போய்ப் பாத்தியா?"

நான் போய்ப் பார்த்ததில்லை. அக்காவே என்னைக் கூட்டிக்கொண்டு மூன்று ஊர்களுக்குப் போனார். குழாயில் கரி அடைத்துக் கிடந்தது. பல வீடுகளில் பெண்கள் அடுப்பின் முன்பக்கத்தைத் தட்டி உடைத்து, பழைய மாதிரியே மூன்று கல் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் குழாயைப் பிடுங்கி வாய்க்கால் மடைக்கு வைத்திருந்தார்கள். பேருந்தில் திரும்பினோம். பாளையங்கோட்டையில் இறங்கியதும், "நீ புகைக்கு வழி காட்டுனியே தவிர, புகை ஏன் வருதுன்னு பாக்கல. நானும் பாக்கல" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பார்க்கத் தொடங்கினார். வேலை முடிந்த பிறகு, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பழைய எண்ணெய் டின்னை வெட்டி அதில் தீ மூட்டுவார். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பைச் சுற்றிலும் பிடித்து, அதன் புகை எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று கவனிப்பார். சாம்பலில் படுத்துக் கிடக்கும் விறகுக்கு அடியில் காற்றுப் போகவில்லை என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தார். உடைந்த சன்னல் கம்பிகளைச் செங்கல் மேல் அடுக்கி, அதன் மேல் விறகை வைத்தார். புகை பாதியாகக் குறைந்தது.

"புகைங்கது எரியாத வெறகுதாம்ல" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். "அதப் போயி வெளிய வெரட்டிக்கிட்டு இருக்கோம். உள்ளயே எரிச்சுப்புட்டா?"

அதற்குத் தீயின் மேல் பக்கத்துக்கும் காற்று வேண்டும். குளிர்ந்த காற்றுப் போனால் தீ அணைந்து இன்னும் புகைந்தது. அதனால் அடுப்புக்கு இரட்டைச் சுவர் வைத்துப் பார்த்தோம். இரண்டு சுவருக்கும் நடுவில் ஏறும் காற்று சூடாகி, தீயின் தலைமாட்டில் விட்ட துளைகள் வழியே உள்ளே பாய்ந்தது. அந்த இடத்தில் புகை குப்பென்று பற்றி எரிந்ததை முதன்முதலாகப் பார்த்தபோது அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். பானைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டால் தீக்கு மூச்சு முட்டியது, கையகலம் விட்டால் சூடெல்லாம் வீணானது. எது சரி என்று கண்டுபிடிக்க அடுத்த ஆனி வரை கட்டியும் இடித்தும் பார்த்தோம். எல்லாவற்றையும் பழைய பள்ளி நோட்டு ஒன்றில் படமாக வரைந்து வைத்துக்கொண்டார்.

நிர்வாகக் குழுவினரிடம் மறுபடி கேட்டபோது ஒரேயடியாக மறுத்துவிட்டார்கள். அப்போது எதிர்பாராத விதமாக ராசம்மாள் உள்ளே வந்தார். முகத்தின் ஒரு பக்கத்தில் தோல் இழுத்துக்கொண்டிருந்தது. கட்டுப் பிரித்ததுமே வேலைக்குத் திரும்பியிருந்தார்.

"வார்டனம்மா, திரும்பத் தீ வந்தா எம்மூஞ்சிக்குத்தான் வரும். எனக்கே சம்மதம்னா ஒங்களுக்கு என்ன? எக்கா பத்து மாசமா அந்த டின்னு முன்னால உக்காந்து கெடந்தத நான் பாத்திருக்கேன். கட்டட்டும்."

அறையில் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அனுமதி கிடைத்தது.

இம்முறை குழாயை மாடிக் கட்டடத்தையும் தாண்டி ஏற்றினேன். மேலே தகரத்தில் தொப்பி வைத்தேன். எல்லாம் முடிந்ததும் ராசம்மாளை விலகி நிற்கச் சொல்லிவிட்டு அக்காவே குனிந்து தீ மூட்டினார். அன்று காற்றும் பலமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அடுப்பு உறுமத் தொடங்கியது. அறைக்குள் புகை இல்லை. காலையில் பல் துலக்க வந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்து, "இன்னைக்குச் சமையல் கெடையாதா?" என்று கேட்டார்கள். ராசம்மாள் சிரித்தார். தோல் இழுத்ததில் அவருக்கு வலித்திருக்கும், ஆனாலும் சிரித்தார். சீக்கிரமே மற்ற இரண்டு அடுப்புகளையும் மாற்றிவிட்டோம்.

இத்தோடு முடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த ஆண்டு மழைக்காலத்திலேயே அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. குடம் தண்ணீர் தூக்கினால் பாதி வழியில் நின்றுவிடுவார். ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படத்தைப் பார்த்த டாக்டர், "எத்தன வருஷமா பீடி குடிக்கிறீங்க?" என்று கேட்டார். அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. அக்கா அமைதியாக, "பதினாலு வயசுலேந்து அடுப்படியில இருக்கேன் டாக்டர்" என்றார். டாக்டர் படத்தை மறுபடி பார்த்துவிட்டு, போன நுரையீரல் திரும்ப வராது, இனிமேல் புகை ஆகாது என்று மட்டும் சொன்னார்.

அக்கா விடுதி வேலையை விட்டார். ஆனால் வீட்டில் இருக்கவில்லை. நான் கட்டிய அடுப்புகளை ஒவ்வொன்றாக இடித்துத் திருத்த வேண்டும் என்றார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னோடு பேருந்து ஏறிவிடுவார். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து வீடு வரை நடப்பதற்குள் நாலு இடத்தில் உட்கார்வார். ஒவ்வொரு வாசலிலும் நான்தான் முதலில் பேச வேண்டும். அவர் பேச மாட்டார். "நான் கட்டுனது சரியில்ல, மாத்திக் கட்டித் தாரேன்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். சிலர் சிரித்தார்கள். சிலர் விரட்டினார்கள்.

ஒரு வீட்டில், நான் சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்காரர் எழுந்து வந்தார்.

"நீதானா அந்தக் கொத்தனார்? புகையில்லா அடுப்புன்னு சொல்லித்தானல கட்டுன? மழைன்னு எம்பொண்டாட்டி பச்சப் பிள்ளைய அடுப்பங்கரையில போட்டுக்கிட்டுக் கதவச் சாத்துனா. குழாய் அடச்சுக் கெடந்தது யாருக்குத் தெரியும்? பிள்ள போயிட்டு."

அக்கா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அக்கா, "எத்தன நாளு பிள்ள?" என்று கேட்டார்.

"நாப்பது நாளு."

"என் பிள்ள ஏழு நாளு" என்றார் அக்கா. அந்தக் குழந்தையைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

வீட்டுக்காரர் எங்களைப் போகச் சொன்னார். நாங்கள் எழுந்தபோது உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது. "கட்டிட்டுப் போகச் சொல்லுங்க. நான் நெதமும் அங்கனதான இருக்கேன்."

அன்று நான் செங்கல் அடுக்கிய ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பெண் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தீ மூட்டி, புகை வரவில்லை என்று தெரிந்த பிறகும் அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

சென்ற ஆண்டு ஐப்பசியில் அக்கா படுத்த படுக்கையானார். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்தே இருந்தார். கடைசி நாட்களில் பேச்சும் குறைந்துவிட்டது. ஒரு மதியம் அத்தான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, "போதும்" என்று கையால் காட்டினார். அவ்வளவுதான். வயது ஐம்பது கூட நிறையவில்லை.

அக்காவின் கடைசி மாதங்களில் இரவு பகல் பாராமல் உடனிருந்த அத்தானுக்கும், தினமும் வந்து தலைவாரி விட்ட ராசம்மாளுக்கும், பெட்டியைத் தோள் கொடுத்துத் தூக்கி வந்த ராசம்மாளின் கணவருக்கும், கல்லறைத் தோட்டம் வரை மழையில் நடந்து வந்த விடுதிப் பிள்ளைகளுக்கும் வார்டனம்மாவுக்கும், ஜெபித்துத் தாங்கிய போதகருக்கும் சபையாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுள்ளதாயிருக்கும்.

அக்காவின் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அதன் பின்பக்கங்களில் நான் அடுப்புக் கட்டிய வீடுகளை ஊர்வாரியாக எழுதி, திருத்தியவற்றை அடித்துவிட்டிருக்கிறார். அடிக்காத வீடுகள் நிறைய இருக்கின்றன. சில ஊர்களில் எந்த வீடு என்று எனக்கே நினைவில்லை. இந்த மலரைக் கையில் வாங்கும் உங்களில் யார் வீட்டிலாவது, தெரிந்தவர்கள் வீட்டிலாவது, நான் கட்டிய அடுப்பு இருந்தால் தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள். நான் வரும்வரை அடுக்களைக் கதவைத் திறந்து வைத்தே சமையுங்கள். பச்சைப் பிள்ளைகளை உள்ளே கிடத்தாதீர்கள்.

தம்பி