அம்மா கனடாவில் இருந்த மாதங்கள்

அம்மா மறைந்து ஓராண்டு நிறைவதையொட்டி வரும் இந்த நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று தங்கை சொன்னாள். பொய்யில்லாமல் எழுத வேண்டுமானால் என் பொறாமையையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

அம்மா பிறந்தது பெருமுக்கல். சொந்த நிலம் கிடையாது. அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு மூன்று. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் கூலி வேலைக்குப் போய் எங்களை வளர்த்தார். பிறகு திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் சத்துணவு சமைக்கும் வேலை கிடைத்தது.

எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தபோதும் அம்மா வேலையில் இருந்தார். பத்து நாள் பத்தியம் சமைத்துப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூட அடுப்புக்கே திரும்பினார். என் பிள்ளைகளை எதிர்வீட்டு அக்காதான் பார்த்துக்கொண்டார். தங்கைக்குக் கனடாவில் மகன் பிறந்தபோது அம்மா ஓய்வு பெற்றிருந்தார். அங்கே போய் ஆறு மாதம் இருந்தார். மறுபடியும் போய் ஆறு மாதம். வீடியோ காலில் என்னோடு பேசும்போது அவன் சிணுங்கினால், "புள்ள அழுவுறான், அப்பறம் பேசறேன்மா" என்று வைத்துவிடுவார். நாற்பது வயதில், பல் முளைக்காத ஒரு குழந்தையின்மேல் எனக்குப் பொறாமை.

இரண்டாம் முறை அவர் அங்கிருந்தபோது விழுப்புரத்தில் எனக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை. வரச்சொல்லிக் கேட்டேன்.

"பச்சப் புள்ளைய வுட்டுட்டு எப்பிடிடி வர்றது? நீ பெரியவ, சமாளிச்சிக்குவ."

"ஒனக்கு ஒரே பொண்ணுதான்னு நெனச்சிக்கோ. அங்கயே இரு."

இரண்டு மாதம் நான் அவரோடு பேசவில்லை. திரும்பி வந்த அன்று விமான நிலையத்திலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தார். "எங்க அறுத்தாங்க, காட்டு" என்று தழும்பைத் தடவினார். "பெரியவன்னு சொல்லிட்டேனே" என்றார்.

மகனைப் பள்ளியில் சேர்க்கும் நேரத்தில் தங்கை மறுபடி அழைத்தாள். அம்மா உற்சாகமாகப் பெட்டி கட்டினார். நான் யாரிடமும் சொல்லாமல் திருவாமாத்தூர் கோயிலுக்குப் போய், அவர் போகக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். தங்கையே, இதை நீ இப்போதுதான் அறிகிறாய்.

அம்மா போகவில்லை. ஈரலில் புற்று என்றார்கள். ஐந்து மாதம் என் வீட்டில், என் கையால் சாப்பிட்டார். ஒருநாள் வேண்டுதலைச் சொல்லி அழுதேன்.

"அட போடி. அந்தக் குளுர்ல எவ போவா? நானே வாணாம்னுதான் இருந்தேன்" என்று சிரித்தார்.

அது பொய். புதிதாக இரண்டு ஸ்வெட்டர் வாங்கி வைத்திருந்தார்.

மருத்துவமனையில் மாற்றி மாற்றித் துணையிருந்த உறவினர்களுக்கும், கடைசி வரை கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு அக்காவுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. ஒருவனுக்கு மட்டும் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

அடக்கத்தன்று தங்கை தன் மகனோடு வந்து சேர்ந்தாள். ஐந்து வயதுக்காரன் என் புடவையைப் பிடித்து இழுத்தான். "ஆயா இன்னா பெரிம்மா, இம்மா நேரம் தூங்கிக்கினே இருக்குறாங்க?"

தினமும் வீடியோ காலில் கேட்டுப் பழகிய அம்மாவின் பேச்சு, அதே இழுவையோடு. ஆங்கிலப் பள்ளியில் படித்த என் பிள்ளைகள் வாயில் அது ஒருநாளும் வந்ததில்லை. அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இன்னொரு தபா சொல்றா கண்ணு" என்று கேட்டேன்.