கிழக்கு நிற்காத வீடு

என் எழுத்து மேலும் கீழும் ஏறி இறங்குவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பாதிக் குற்றம் படகின் ஆட்டத்துடையது, மீதி என்னுடையது. அறுபத்தேழு வயதில், போன ஆண்டுதான் எங்கள் ஊர் கூலாயின் கோயில் மண்டபத்து வகுப்பில் எழுதப் படித்தேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. ஆனால் நான் நினைத்தது அப்படியே தாளில் நிற்பதைப் பார்க்கும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு எத்தனை காலைப்பொழுதும் கொடுக்கலாம். இந்தப் பக்கங்களை மகள் படம் பிடித்துத் தன் பயண வலைப்பூவில் போடுகிறாள்.

இருபத்திரண்டு ஆண்டுகள் படகுப் பட்டறையில் வேலை பார்த்தேன். ஊரார் படகுகளின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டினேன், சோதனை ஓட்டத்தில் பாய் இழுத்துக் கட்டினேன். ஒன்றில்கூட ஓர் இரவு தூங்கியதில்லை. இந்த ஏப்ரலில் முதலாளி முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போகும்போது, மெர்சிங் ஆற்றில் நிற்கும் தன் முப்பத்திரண்டு அடி பாய்மரப் படகில் ஆறு மாதம் குடியிருந்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரே நிபந்தனை, எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும். இரண்டாவது ஆள் என் மனைவி ராஜம். மூன்று இரவு இருந்து பார்க்கிறேன், பிடிக்கவில்லை என்றால் ஞாயிறு காலை பத்தரை மணி பேருந்தில் ஏறிவிடுவேன் என்றாள். அவள் போனால் படகும் போயிற்று.

கூலாயிலிருந்து மெர்சிங் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். வியாழக்கிழமை மகளின் காரில் இரண்டேகால் மணி நேரம் ஆனது. படகுகள் கட்டும் ஜெட்டியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சாகுல் பாய் எங்கள் மூட்டைகளைப் பார்த்துச் சிரித்தார். "என்னண்ணே, இந்த வயசுல அண்ணிய ஹனிமூன் கூட்டிட்டு வந்தாச்சா?"

"ஹனிமூன் இல்ல பாய், தண்டனை," என்றாள் ராஜம்.

அன்று மாலையே கடல் ஏறும் நேரம் பார்த்து, இன்ஜினில் நானே ஓட்டிக் கிளம்பி, எட்டுக் கடல்மைல் கிழக்கே பூலாவ் பெசார் தீவின் பக்கம் நங்கூரம் போட்டோம். ராஜம் மூன்று முறை தலையை இடித்துக்கொண்டாள். கழிவறையில் ஒவ்வொரு முறையும் இருபது தடவை கையால் பம்ப் அடிக்க வேண்டும் என்றதும் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு இன்னும் எழுத்துப் போதாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. புது வீடு என்றால் பால் பொங்க வேண்டும், அதுவும் கிழக்குப் பக்கம் வழிய வேண்டும். ராஜம் சட்டியைக் கிழக்கே சற்றுச் சாய்த்து, அடியில் ஒரு கரண்டியைச் செருகினாள். சன்னல் வழியாக வெயில் அவள் முகத்தில் விழுந்தது. பக்கத்தில் சூடமும் தீப்பெட்டியும் தயார். ஆனால் நங்கூரத்தில் நிற்கும் படகு, நீரோட்டம் மாறினால் மூக்கைத் திருப்பிக்கொள்ளும். பால் சூடாகும் நேரத்தில் படகு மெல்லத் திரும்பிவிட்டது.

"என்னங்க, சூரியன் எங்க போச்சு? என் முதுகுல சுடுது!"

இருவரும் படியேறி வெளியே சூரியனைத் தேடினோம். நாங்கள் பார்க்காதபோது பால் பொங்கி, மேற்கே வழிந்து, அடுப்பை அணைத்துவிட்டது. பழைய அடுப்பு; தீ அணைந்தாலும் கேஸ் நிற்காது. திரும்பி வந்த ராஜம் சூடம் கொளுத்தக் குச்சியை எடுத்தாள். அப்போதுதான் எனக்கு வாடை வந்தது. தீப்பெட்டியைத் தட்டிவிட்டேன். அது கழுவும் தொட்டியில் தண்ணீருக்குள் விழுந்தது.

"நல்ல காரியத்துல தட்டி விடுறீங்களே!"

கேஸ் தோம்பு, அதாவது சிலிண்டரின் வால்வை மூடி, எல்லாச் சன்னலையும் திறந்து, வாளியை எடுத்தேன். கேஸ் காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தண்ணீர் போலத் தங்கும். அதை அள்ளி அள்ளி வெளியே கொட்டினேன்.

"அலமாக்! காலி வாளிய கொட்டுறீங்க. கிறுக்கு புடிச்சிருச்சா?"

விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்தது. அவளும் இன்னொரு வாளியை எடுத்தாள். ஒரு மணி நேரம் இரண்டு கிழடுகளும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அள்ளி ஊற்றினோம். முடிந்ததும் அவள் சொன்னாள், "கெழக்கே ஒரு எடத்துல நிக்காத வீட்டுல எப்படிங்க குடியிருக்கறது? நான் ஞாயித்துக்கெழம போறேன்." அந்தக் குச்சி உரசியிருந்தால் என்ற நினைப்பு சனிக்கிழமை முழுவதும் என்னை விடவில்லை.

ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு நங்கூரம் தூக்கினோம். இந்த முறை பாய் விரித்தோம்; பாயை நான் பார்க்க வேண்டும், சுக்கானை அவள்தான் பிடிக்க வேண்டும். எதிரே இருந்த திசைகாட்டியைக் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது, அதில் கிழக்கைக் குறிக்கும் ஆங்கில E-யும் தெரியாது.

"இதுல எதுங்க கெழக்கு?"

"அதோ, மூணு பல்லு வச்ச சீப்பு மாதிரி இருக்கே, அது. நாம மேக்கால போறோம். சீப்பு உன் பக்கமே நிக்கட்டும்."

இரண்டேகால் மணி நேரம் அவள் வேறெதையும் பார்க்கவில்லை. அலை படகைத் திருப்பும். சீப்பு மட்டும் கிழக்கையே காட்டியது. ஒரு முறை வேண்டுமென்றே சுக்கானைத் தள்ளிப் பார்த்தாள். "எப்படித் திருப்பினாலும் அது அசைய மாட்டேங்குதே லா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கு ஜெட்டி. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான் பின்னால் போகவில்லை. பத்தரை மணிப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போனதைக் கேட்டேன். பத்து நிமிடம் கழித்து அதே பையோடு, இரண்டு மடங்கு உயரமான சட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

இப்படி வர நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை இந்தக் கடல் பக்கம் வராதீர்கள். மெர்சிங் ஆற்று வாயில் ஆழம் குறைவு, கடல் ஏறும்போது மட்டும் நுழையுங்கள். கேஸ் வால்வைச் சமைத்து முடித்த கையோடு மூடுங்கள். துணைக்கு வருபவருக்கு முதல் நாளே திசைகாட்டியைக் காட்டிவிடுங்கள். நான் மூன்று நாள் தாமதித்தேன்.

புதன்கிழமை தெற்கே சீபு தீவுக்குப் போகலாம் என்கிறாள் ராஜம். அந்தக் கதையை அடுத்த வாரம்தான் எழுத முடியும், இப்போது கீழே கூப்பிடுகிறாள்.

"எழுதுனது போதும், வாங்க. நீங்க வால்வுகிட்ட நில்லுங்க. கெழக்க நான் பாத்துக்கறேன்."